மருந்துப் போத்தலில் தேன்

தேனீ வளர்க்கிற வீட்டில் பொறுமை வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அது நான் இல்லை. நான் வாய்க்காரி. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களா நாய்க்குக்கூட அது தெரியும். என் வீட்டுக்காரர் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் நான் பேச வேண்டியதையெல்லாம் பேசி, சண்டையும் போட்டு, சமாதானமும் ஆகியிருப்பேன். அப்படிப்பட்ட நான் ஒரு வருஷம் செய்துவைத்த கோளாறைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லைக்கு இறங்குகிற ரோட்டில் பாதி வழி வந்து, ஒற்றையடிப் பாதையில் கீழே இறங்கினால் எங்கள் லயம், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடு. பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். லயத்தின் கோடியில் பள்ளிக்கூடம். அதை ஒட்டினாற்போல் வாத்தியாருக்கென்று இரண்டு அறை வீடு. வீட்டுக்குப் பின்னால் சரிவில் கொஞ்சம் மண் இருந்தது. அதில் இரண்டு எலுமிச்சை, ஒரு நாரத்தை, ஒரு தோடை, அதாவது ஆரஞ்சு. தோடை மட்டும் அவர் வைத்தது. கல்யாணமான புதிதில் பதுளைக்குப் போனபோது பிபிலைத் தோடம்பழம் ஒன்று வாங்கி ஆளுக்குப் பாதி தின்றோம். கொட்டையை அவர் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து ஊன்றினார்.

“கொட்டையில வந்த மரம் காய்க்க ஏழெட்டு வருசமாகும் புள்ள,” என்றார்.

“அதுவரைக்கும் நான் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கணுமாக்கும்,” என்றேன்.

ஆனால் நின்றேன். ஆடி, ஆவணியில் எங்கள் பக்கம் அடிக்கிற காற்றுக்கு மண்ணெல்லாம் காய்ந்து வெடித்துவிடும். அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், எதையும் வீணாக்காமல் அதன் தலையில் கொண்டுபோய் ஊற்றினேன். அது வளர்ந்ததே தவிரப் பூக்கவில்லை. நடுவில் ஒருமுறை கடைசிக் காம்பராக்காரியின் ஆடு வந்து அடிப்பட்டையில் பாதியை உரித்துத் தின்றுவிட்டது. மலையிலிருந்து தண்ணீர் விழுகிற பீலியடியில் வைத்து நான் அவளைக் கேட்ட கேள்வியில் குடம் நிரம்பி வழிந்தது கூட யாருக்கும் தெரியவில்லை. அவளும் சளைத்தவளில்லை. “ஒன் மரம் என்னா தங்கத்துல காய்க்கப்போவுதா?” என்று கேட்டாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அவளை நான் ஆட்டுக்காரி என்றுதான் சொல்வேன். அவள் என்னை என்ன சொன்னாள் என்பதை எழுத முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு இருமல் வந்தது. பனி என்றோம், மழை என்றோம். கைக்குட்டையில் ரத்தம் கண்ட பிறகு எதுவும் சொல்லவில்லை. கொழும்புப் பக்கம் ஒரு நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பதினான்கு மாதம் அங்கே கிடந்தார். நான் பெயர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனேன். வாத்தியார் பெண்டாட்டி கூடை தூக்குகிறாள் என்று இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாள் பழகிப்போயிற்று.

மாசியில் அவர் திரும்பி வந்தார். ஊசி போட்டுப் போட்டு உடம்பு தேறியிருந்தது. கையில் பெரிய டாக்டரின் கடிதம். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிற யாழ்ப்பாணத்துக்காரரை நாங்கள் டாக்டரையா என்போம். அவர் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, “இனி ஒரு பயமும் இல்லை. இவராலை ஆருக்கும் தொத்தாது. ஆனா புகை மட்டும் கிட்டவும் கூடாது, விளங்குதோ?” என்றார்.

எங்களுக்கு விளங்கிற்று. லயத்துக்கு விளங்கவில்லை. எதிரே பார்த்தால் “வாத்தியாரய்யா, சொகமா?” என்று கேட்பார்கள், கேட்டுக்கொண்டே பாதையின் அந்த ஓரத்துக்குப் போவார்கள். முன்பெல்லாம் ஊறுகாய்க்கு என்றும் பித்தத்துக்கு என்றும் எலுமிச்சங்காய் கேட்டு வராத நாளில்லை. வேலி வழியே கை விட்டுப் பறிக்கிற பிள்ளைகளை விரட்டி எனக்குத் தொண்டை கட்டும். அந்த வருஷம் காய்கள் பழுத்து மரத்தடியிலேயே விழுந்து அழுகின. ஒருவரும் கேட்கவில்லை, ஒரு பிள்ளையும் திருடவில்லை.

தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஒரு நாள் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமலேயே, விஷயத்தைச் சொன்னார். அவர் கெட்டவரில்லை. “வாத்தியார், இப்ப படிச்சுக் குடுக்கிற பொடியன் மார்கழியோட போறான். தையில பள்ளிக்கூடம் தொறக்கையில நீங்களே வாங்க. புள்ளைங்க வந்தா பள்ளிக்கூடம் ஒங்களுக்கு. தாய் தகப்பன் அனுப்பலைன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும். வர்றவருக்கு இந்த வீடும் வேணும்.” சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். எங்களுக்கு இருந்தது பத்து மாதம். அதற்குள் பன்னிரண்டு காம்பராவின் பயமும் போக வேண்டும். போகாவிட்டால் வேலையும் இல்லை, வீடும் இல்லை.

என் வீட்டுக்காரர் பின்னால் போய் நாரத்தை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் தேனீயைப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் வெல்லவாயப் பக்கத்துச் சிங்களவர். ஊரில் தேனீ வைத்திருந்தாராம். பேசுவதற்கு வேறு எதுவும் இல்லாததால் பதினான்கு மாதமும் தேனீயைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். சித்திரையில் எலுமிச்சைக் கிளையில் ஒரு கூட்டம் வந்து தொங்கியதும் இவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மண்பானை ஒன்றைக் கேட்டார். உள்ளே எலுமிச்சை இலையைக் கசக்கித் தேய்த்தார். பானையைப் படுக்கவைத்து, அந்தக் கூட்டத்தைக் கோழி இறகால் மெல்ல மெல்ல உள்ளே தள்ளினார். எனக்கு உயிரே இல்லை. அவரோ வெறும் கையோடு, சிரித்த முகத்தோடு நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பானைக்கு மரப்பலகையில் மூடி, மூடியில் விரல் நுழையாத துளைகள். கூரைக்குக் கீழே இரண்டு கட்டை நட்டு, எறும்பு ஏறாமலிருக்கக் கட்டையின் அடியில் தண்ணீர் நிரப்பிய தகரம். காலையில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாரென்றால் மத்தியானம் வரை கணக்குதான். இத்தனை போயின, இத்தனை வந்தன, காலில் மகரந்தம் இருந்தது, இல்லை. மேட்டில் யூக்கலிப்டஸ் பூத்த மாதங்களில் பானை இரைந்த இரைச்சல் அடுப்படி வரை கேட்கும். புரட்டாசி பிறந்தபோது பானையைத் தூக்கிப் பார்த்து, “நெறஞ்சிருச்சு,” என்றார்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது தேன் எடுத்தால், அது காட்டில் பொந்தில் எடுத்ததானாலும் சரி, பானையில் எடுத்ததானாலும் சரி, எல்லாக் காம்பராவுக்கும் ஒரு பங்கு போக வேண்டும். போகாவிட்டால் வயிற்றெரிச்சல் பட்டுத் தேன் ஈ ஓடிவிடும் என்பார்கள். அது எனக்கு வசதியாகப் போயிற்று. நான் கணக்குப் போட்டேன்: எங்கள் வீட்டுத் தேனை நக்கின வாய் எங்கள் வீட்டைப் பார்த்து எப்படிப் பயப்படும்? ஒரு வீடு விடாமல் கொடுத்துவிட்டால் தையில் பிள்ளைகள் தானாக வரும்.

புகை அவருக்கு ஆகாது என்பதால் தேனை நான்தான் எடுத்தேன். அவர் தூரத்தில் தோடையடியில் நின்றுகொண்டு கத்தினார்.

“ரெண்டு பக்கமும் இருக்கிற அடையில பாதிய மட்டும் அறு! நடுவுல இருக்கிறதத் தொடாத! மழைக்கு அதுகளுக்குச் சோறு வேணும் புள்ள!”

“சரி சரி, எனக்குத் தெரியும்!” என்று நானும் கத்தினேன். எனக்கு என்ன தெரியும்? பாதியை அறுத்தால் ஏழு போத்தல் வந்தது. எனக்கு வேண்டியது பன்னிரண்டு. ஐந்து வீட்டை விட்டால் அந்த ஐந்து வீடும் எங்களுக்கு எதிரி. புகையைக் கூட்டி, கையை உள்ளே விட்டு, மிச்சத் தேனடையையும் அறுத்து எடுத்துவிட்டேன். புழு இருந்த அடையை மட்டும் பாவம் என்று விட்டேன். கையில் ஒன்பது கொட்டு. அவரிடம் பாதிதான் எடுத்தேன் என்றேன். பொய் சொல்லும்போது நான் கொஞ்சம் மெதுவாகப் பேசுவேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஊற்றிக் கொடுக்கப் போத்தல் வேண்டுமே. எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் அவருக்கு டாக்டரையா மருந்து கொடுத்த சின்னப் போத்தல்கள்தான். நன்றாகச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கொதிக்கவைத்து, பளபளவென்று வெயிலில் அடுக்கினேன். பன்னிரண்டையும் கூடையில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோனேன். எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கினார்கள். “அடடா, வாத்தியாரய்யா வளத்த தேனா!” என்றார்கள். கடைசிக் காம்பராவில் மட்டும் நான் எதுவும் பேசாமல் வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன். அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தையில் பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது போலவே இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழை தெரிந்தவர்களுக்குத் தெரியும். மேகம் வந்து கதவைத் தட்டி உள்ளேயே உட்கார்ந்துவிடும். பத்து நாள் சூரியனைப் பார்க்கவில்லை. யூக்கலிப்டஸ் பூ எப்போதோ உதிர்ந்திருந்தது. தேனீக்கள் மூடியின் துளையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயின. ஒரு காலையில் பானைக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தது. அவர் குனிந்து பொறுக்கிப் பார்த்தார்.

“புழுவ வெளிய இழுத்துப் போடுதுங்க,” என்றார். “சாப்பாடு இல்லாம குட்டிய வளக்க முடியலை. இன்னும் அஞ்சாறு நாள். அப்புறம் பானையையே விட்டுட்டுப் போயிரும்.”

பானையைத் தூக்கினார். காய்ந்த சுரைக்குடுக்கையைத் தூக்கினது போல் இலேசாக வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். “நீ நல்லதுக்குத்தான் செஞ்ச,” என்றார். அப்புறம் கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. “தையில என்னா நடக்கும்னு இதுலயே தெரிஞ்சிருச்சு புள்ள,” என்று சுவரிடம் சொன்னார். அந்தப் பானை காலியானால் இந்த மனுஷன் தை வரை எழுந்து நிற்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கூப்பனுக்கு வாங்கிய சீனி கொஞ்சம் இருந்தது. தண்ணீரில் கரைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, அவை விழுந்து சாகாமலிருக்க ஈர்க்குத் துண்டுகளை மிதக்கவிட்டு உள்ளே வைத்தேன். இரண்டு நாளில் தீர்ந்தது. இனி ஒரே வழிதான். கொடுத்த தேனைத் திருப்பிக் கேட்க வேண்டும். கொடுத்ததைக் கேட்பது எங்கள் பக்கத்தில் எவ்வளவு கேவலம் என்று சொல்லத் தேவையில்லை. செத்தாலும் செய்யமாட்டேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டிலிருக்கிற நேரமாய்ப் பார்த்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கூடையோடு இறங்கினேன்.

“தேன் கொஞ்சம் மிச்சமிருந்தா குடுங்க. அடியில ஒட்டிக்கிட்டிருந்தாலும் போதும். ஈ பட்டினி கெடக்கு.”

முதல் காம்பராக்காரி உள்ளே போய்ப் போத்தலைக் கொண்டுவந்தாள். கழுத்துவரை இருந்தது. “எங்க வீட்டுல இனிப்பு அவ்வளவா சேராதும்மா,” என்றாள். இரண்டாவது வீட்டிலும் கழுத்துவரை. “அவசரத்துக்கு இருக்கட்டும்னு வச்சிருந்தோம்.” மூன்றாவது வீட்டில் அடுப்புக்கு மேல் பரணில், தூசி படிந்து, நான் வைத்த மூடி வைத்தபடி இருந்தது. நாலாவது வீட்டில் எனக்கு விளங்கிவிட்டது: பயந்துபோய் ஒருவரும் அதை வாயில் வைக்கவில்லை. என் முகம் எரிந்தது. ஆனாலும் கையை நீட்டினேன், வாங்கினேன். ஒரு வீட்டில் தேனை மாட்டின் குளம்புப் புண்ணில் பூசியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் கொட்டிவிட்டுப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். ஆகப் பதினொரு வீட்டில் ஒன்பது போத்தல் முழுசாகத் திரும்பி வந்தது. எங்கள் தேனின் ருசி பார்த்தது அந்த மாட்டுக் குளம்பு ஒன்றுதான்.

நான் வாய்க்காரி என்றேனே, ஒரு சொல் வரவில்லை. மழையில் நனைந்துகொண்டே கடைசிக் காம்பரா வாசலில் போய் நின்றேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கால் போயிற்று.

ஆட்டுக்காரி கதவைத் திறந்தாள். “வா வா, வாத்தியாரம்மா. வழி தெரியாம வந்துட்டியா?”

“தேன் இருந்தா குடு.”

“தேனா? அது வந்த அன்னைக்கே தீந்துபோச்சு. மூணு புள்ளைங்களும் போத்தலுக்குள்ள விரல விட்டு நக்குச்சுங்க. அதுங்களுக்கு மிச்சம் வைக்காம நானும் நக்குனேன்.”

“நீ… தின்னியா?”

“இதென்னடி கேள்வி? கோவம் ஒங்கூட. தேன் என்னா பண்ணுச்சு எனக்கு?”

நான் அவள் வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவள் என் கூடையைப் பார்த்தாள், ஒன்பது போத்தலைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்து அடுப்போரம் உட்காரவைத்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தால், “நீ பண்ணுனதுக்கு வேற என்னா நடக்கும்?” என்றாள். “சீக்காளி மருந்து குடிச்ச போத்தல்லயாடி ஊத்திக் குடுப்பாங்க? அறிவிருக்கா ஒனக்கு?”

“கொதிக்கவச்சுத்தான் குடுத்தேன்.”

“சரி, அத விடு. நீ தின்னியா?”

“என்னா?”

“அந்தத் தேன நீ நக்கிப் பாத்தியான்னு கேக்குறேன். ஒன் வீட்டுப் பொறத்தால ரெண்டு கல்லுல ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளரு தனித்தனியா காயுதே, அது லயத்துக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பீலிக்குப் போற ஒவ்வொருத்தியும் பாத்துட்டுத்தான் போறா. பொண்டாட்டியே பயந்து சாகுறா, நாம என்னான்னு பேசிக்கிறாளுக.”

இதை நான் இதுவரை சொல்லவில்லை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் திரும்பி வந்த நாளிலிருந்து அவர் தட்டும் டம்ளரும் தனியாகத்தான் இருந்தன. அதற்கு முன் அவர் குடித்து வைத்த மிச்சத் தேத்தண்ணியைத்தான் நான் குடிப்பேன். எங்கள் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதை நிறுத்தியிருந்தேன். பெரிய டாக்டர் எழுதியிருந்தார், டாக்டரையா படித்துச் சொன்னார், நான் தலையை ஆட்டினேன். ஆனாலும் பயந்தேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. குடித்து முடித்த டம்ளரை அவரே கழுவி அந்தக் கல்லில் கவிழ்த்துவைப்பார். தேன் எடுத்த அன்றும் பன்னிரண்டு வீட்டுக்கும் ஊற்றினேனே தவிர, என் நாக்கில் ஒரு சொட்டு வைக்கவில்லை. எவ்வளவு வெட்கமாயிருந்தது என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போத்தலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஆட்டுக்காரி மறித்தாள். “இப்படியே கொண்டு போகாத. மூடி தெறக்காத போத்தலப் பாத்தா அந்த மனுசன் ஒடஞ்சிருவாரு. இந்தா, இதுல ஊத்து.” ஒரு சட்டியைக் கழுவி வைத்தாள். இரண்டு பேரும் ஒவ்வொரு மூடியாகத் திறந்து ஊற்றினோம். ஒன்பதாவது போத்தலை ஊற்றும்போது அவள் விரலை விட்டு ஒரு நக்கு நக்கிக்கொண்டாள். “கூலி,” என்றாள். நான் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன்.

சட்டியைப் பார்த்ததும் அவர் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். “இவ்வளவா? திங்காம எடுத்து வச்சிருந்தாங்களா?”

“ஆளுக்குக் கொஞ்சம் தின்னுட்டு மிச்சத்தக் குடுத்தாங்க,” என்று மெதுவாகச் சொன்னேன்.

“நல்ல சனங்க,” என்றார். அந்தப் பொய்யை நான் இன்றுவரை திருத்தவில்லை.

தேனில் தண்ணீர் விட்டு ஆற்றி, சாயங்காலம் சாயங்காலம் ஒரு சிரட்டை உள்ளே வைத்தார். காலையில் சிரட்டை துடைத்தது போலிருக்கும். புழுவை வெளியே இழுத்துப் போடுவது நின்றது. மழை இரண்டு நாள் விட்டு, மூன்று நாள் பெய்து, பிறகு வெறித்தது. கார்த்திகையில் ஒரு காலை அவர் என்னைக் கூப்பிட்ட சத்தத்தில் கையிலிருந்த அகப்பையோடு ஓடினேன். காற்று மாதங்களில் இலை உதிர்த்து நின்ற தோடை துளிர்த்திருந்தது. துளிருக்கு நடுவே வெள்ளை மொட்டு. எட்டு வருஷத்தில் முதல் தடவை. அதற்கு மேல் தேனீ. எலுமிச்சையும் நாரத்தையும்கூடப் பூத்திருந்தன. மழை கழுவிய வெயிலில் அந்த வாசனை லயம் முழுக்கப் போயிருக்கும்.

“கால்ல மஞ்சளா கொண்டு வருது பாரு, பாரு!” என்று சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தார். அன்றைக்கே பெட்டியைத் திறந்து பழைய பாடப் புத்தகங்களை எடுத்து வெயிலில் காயப் போட்டார்.

தட்டுகளை ஒரே கல்லில் வைக்கத் தொடங்கியிருந்தேன். அதுவரை செய்ய முடிந்தது. ஆனால் அவர் குடித்த டம்ளரை வாயருகே கொண்டுபோனால் கை தானாக இறங்கிவிடும். கைக்குட்டை ஞாபகம் வரும். ஆட்டுக்காரி பீலியடியில் எங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினாள். “எம்புள்ளைங்க மூணும் அந்தத் தேன நக்குச்சுங்க. எதுக்காச்சும் இருமல் வந்துச்சா? வந்து பாருங்கடி!” என்பாள். பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். குடம் நிரம்பியதும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தையில் பள்ளிக்கூடம் திறந்தது. கொழுந்து குறைவென்று அன்று காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் தாய்மார்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வெளியே பாதையில் நின்றார்கள். வீட்டுக்கும் போகவில்லை, உள்ளேயும் விடவில்லை. உள்ளே ஆட்டுக்காரியின் மூன்று பிள்ளைகள் மட்டும் முன் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தன. பெரிய கிளாக்கர் குடையை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றார். என் வீட்டுக்காரர் சலவைச் சட்டையோடு கரும்பலகை முன் நின்று, மூன்று பிள்ளைகளுக்கும் முப்பது பிள்ளைகளுக்குச் சொல்வது போல் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வழக்கம்போல் பத்து மணித் தேத்தண்ணியைக் கொண்டுபோனேன். பாலும் சீனியும் போடாத வெறும் சாயம். பாதி குடித்தார். வெண்கட்டித் தூசி தொண்டையில் போயிருக்க வேண்டும், இருமினார். இரண்டே இரண்டு இருமல். வெளியே நின்ற பெண்கள் எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். ஒருத்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெரிய கிளாக்கர் தலையைக் குனிந்துகொண்டார். இவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போல் அதை என் பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளிவைத்தார்.

அப்படித் தள்ளிவைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டம்ளரை எடுத்தேன். பள்ளிக்கூட வாசற்படிக்கு வந்து, எல்லோரும் பார்க்க, மிச்சமிருந்ததை அண்ணாந்து ஊற்றாமல், அவர் வாய் வைத்த இடத்தில் வாய் வைத்துக் குடித்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

பிறகு கூட்டத்தின் பின்னாலிருந்து ஆட்டுக்காரியின் குரல் வந்தது.

“என்னாடி, இனிப்பா இருக்கா?”

“வெறும் சாயந்தான்டி,” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். முதல் காம்பராக்காரி தன் மகளின் கையை விட்டாள். அது என்னைத் தாண்டி ஓடிப்போய் வாங்கில் உட்கார்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னும் இரண்டு. இடுப்பில் தூக்கினவளும் பிள்ளையை இறக்கிவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பாடத்தை விட்டுவிட்டு, கையில் வெண்கட்டியோடு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னா பாக்குறீங்க? புள்ளைங்க வந்தாச்சு, பாடத்த நடத்துங்க,” என்று அதட்டினேன்.

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினார். அவர் கையெழுத்து கோணலாகப் போய் நான் பார்த்தது அன்றைக்கு மட்டுந்தான்.